மூன்று நிறுத்தங்களுக்கு நடுவே புரட்டப்படும் குழந்தை

அறுவை அரங்கப் பாதுகாப்புப் பட்டியல்களை வகுக்கும் குழுக்களுக்கும், மயக்கவியல் பாடத்திட்டங்களை வரையும் கல்விக் குழுக்களுக்கும், மயக்கக் குறிப்பேட்டுப் படிவங்களை அச்சிடும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் மருத்துவர்களில் ஒருவர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு மயக்கத்தில் இருக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவோ ஒருக்களித்தோ மாற்றிக் கிடத்துவது, அறுவை மருத்துவருக்கு வசதியான கோணத்தை அமைத்துக் கொடுக்கும் வேலை மட்டுமன்று. அந்தக் குழந்தையின் மூச்சை நேரடியாக மாற்றும் மருத்துவச் செயலும் ஆகும். ஆகவே அதற்கென ஒரு நிறுத்தமும், அந்த நிறுத்தத்தில் பார்த்து எழுத வேண்டிய சில அளவுகளும் உங்கள் விதிகளிலேயே இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியலை அப்படியேயோ சிறு மாற்றங்களுடனோ பின்பற்றும் அரங்குகள் உலகெங்கும் உள்ளன. அது மூன்று இடங்களில் எல்லோரையும் நிற்கச் சொல்கிறது: மயக்கம் கொடுப்பதற்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுவதற்கு முன். மூச்சுப்பாதை சிக்கலானதா என்ற கேள்வியும் அதில் உண்டு. ஆனால் அது முதல் நிறுத்தத்தில், குழந்தை இன்னும் விழித்திருக்கும்போது கேட்கப்படுவது. குழந்தை புரட்டப்படுவதோ முதல் நிறுத்தத்துக்கும் இரண்டாவது நிறுத்தத்துக்கும் நடுவில். இரண்டாவது நிறுத்தத்துக்கு எல்லோரும் வாய் திறக்கும் நேரத்தில் குழந்தை துணிகளுக்கு அடியில் மறைந்துபோயிருக்கும். மார்பில் கை வைத்துப் பார்க்கவோ ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கவோ இடமிருக்காது. வேலை முடிந்து மறுபடி மல்லாக்கத் திருப்புவதும் மூன்றாவது நிறுத்தத்துக்கு முன்போ பின்போ, அந்த அந்த அரங்கின் பழக்கப்படி நடக்கிறது. அதாவது, எல்லோருடைய கண்ணும் விழித்திருக்கும்படி நாம் அமைத்த மூன்று கணங்களும், குழந்தையின் மூச்சு மிகுதியாக மாறும் இரண்டு கணங்களைத் தவறவிட்டிருக்கின்றன.

பெரியவர்களுக்கு இந்த இடைவெளி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளத் தக்கது. கைக்குழந்தைக்கு அப்படியில்லை. ஏன் என்று விளக்க உடலமைப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. உங்களில் பலருக்கு இது தெரிந்த பாடம்தான், ஆனால் விதியை எழுதும் மேசையில் நிர்வாகத்தினரும் செவிலியர் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருப்பதால் விரித்துச் சொல்வதே முறை.

பெரியவரின் விலா எலும்புகள் சாய்வாக இறங்குகின்றன. மூச்சை இழுக்கும்போது அவை மேலெழுந்து மார்பை அகலப்படுத்துகின்றன. கைக்குழந்தையின் விலா எலும்புகள் ஏறத்தாழக் கிடையாகவே இருக்கின்றன, மேலெழுவதற்கு அவற்றுக்கு இடமில்லை. குருத்தெலும்பு மிகுந்த அந்த மார்புக்கூடு மிகவும் இளகியது. வெளியே இழுத்துப் பிடிக்கும் விறைப்பு அதற்குக் குறைவு. ஆகவே மூச்சின் பெரும்பகுதியை உதரவிதானம் ஒன்றே சுமக்கிறது. நுரையீரல் தன் இயல்பில் சுருங்கப் பார்க்கிறது, மார்புக்கூடு அதைத் தடுத்து நிறுத்தும் வலுவற்றது என்றால், மூச்சை வெளிவிட்ட பின் நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்று மிகக் குறைந்துபோக வேண்டும். விழித்திருக்கும் குழந்தையில் அப்படி நேர்வதில்லை. குழந்தை அதற்கு மூன்று வழிகளில் உழைக்கிறது: மூச்சு முழுவதும் வெளியேறுமுன்பே அடுத்த மூச்சை இழுத்துவிடுகிறது; வெளிவிடும்போது குரல்வளையைச் சற்றே குறுக்கிக் காற்றைத் தடுத்து வைக்கிறது; மார்புத் தசைகளையும் உதரவிதானத்தையும் முழுதாகத் தளர விடுவதில்லை. இந்த மூன்றும் தசையாலும் நரம்பாலும் நடக்கும் வேலைகள். மயக்க மருந்து கொடுத்து, குரல்நாண்களுக்கு இடையே டியூப்பைச் செலுத்தி, தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த அந்த நிமிடத்தில் மூன்றையும் நாம் ஒருசேர நிறுத்திவிடுகிறோம். அதன் பிறகு நுரையீரலில் எவ்வளவு காற்று நிற்கும் என்பதை முடிவு செய்பவை வென்டிலேட்டரில் நாம் வைக்கும் அழுத்தமும், வயிற்றின் கனமும், குழந்தை எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்பதும்தான். கிடைநிலையை ஒரு மருத்துவச் செயல் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே.

எஞ்சி நிற்கும் அந்தக் காற்று விழித்திருக்கும் குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர். பெரியவர்களுக்கும் ஏறத்தாழ அதே கணக்கு. ஆனால் ஆக்சிஜன் செலவில் இருவரும் ஒன்றல்லர். பெரியவர் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 3 முதல் 4 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறார். பச்சிளங்குழந்தை 6 முதல் 8 மில்லிலிட்டர். கையிருப்பு ஒன்றுதான், செலவு இருமடங்கு. அந்தக் கையிருப்பும் மயக்கத்தில் சுருங்கிவிடுகிறது. போதாததற்கு, இந்த வயதில் நுரையீரலின் சிறு காற்றுக்கிளைகள் மூடத் தொடங்கும் கொள்ளளவு, எஞ்சி நிற்கும் காற்றின் அளவைவிட உயரத்தில் இருக்கிறது. சாதாரண மூச்சின்போதே சில கிளைகள் மூடிக்கொள்கின்றன என்பது இதன் பொருள். ஆகவே புரட்டும்போது வென்டிலேட்டர் இணைப்பைக் கழற்றி அரை நிமிடம் தாமதித்தால், பெரியவரில் எதுவும் தெரியாமல் போகும் அந்தத் தாமதம் கைக்குழந்தையில் குருதியின் ஆக்சிஜனைக் குறைத்து, பல்ஸ் ஆக்சிமீட்டரின் ஒலியைத் தாழ்த்தத் தொடங்கிவிடுகிறது. இணைப்பை மறுபடி பொருத்தினால் மட்டும் சுருங்கிப்போன பகுதி தானாக விரிவதுமில்லை. அதை அழுத்தம் கொடுத்து மெதுவாக விரித்து, மூச்சை வெளிவிட்டு முடித்த பின்னும் நுரையீரலில் விட்டுவைக்கும், பீப் எனப்படும் அழுத்தத்தால் திறந்தபடி தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இனித் தலையும் கழுத்தும். கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடப் பெரியது, பின்மண்டை துருத்திக்கொண்டிருக்கும். தட்டையான மேசையில் மல்லாக்கக் கிடத்தினால் அந்தப் பின்மண்டையே தலையை முன்னே தள்ளி, முகவாயை மார்பை நோக்கிக் குனியவைக்கிறது. நாக்கு பெரிது, குரல்வளை கழுத்தின் 3, 4ஆம் முள்ளெலும்புகளின் உயரத்தில் இருக்கிறது, தாடைத் தசைகள் மயக்கத்தில் தளர்ந்துவிட்டன. இந்த நிலையில் கழுத்து மடிந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு நாம் தலைக்கு அடியில் தலையணை வைக்கிறோம், கைக்குழந்தைக்குத் தோளுக்கு அடியில் மெல்லிய துணிச்சுருள் வைக்கிறோம். காதுத் துளையும் மார்பெலும்பின் மேற்குழியும் ஒரே கிடைக்கோட்டில் வந்தால் போதும். அதற்கும் மேலே கழுத்தை வளைத்து நீட்டினால் பாதை மறுபடி குறுகும். முகமூடியைப் பிடிக்கும் விரல்கள் தாடை எலும்பில் நிற்க வேண்டும், அதற்கு அடியில் உள்ள மென்மையான சதையை அழுத்தக் கூடாது; அழுத்தினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பயிற்சிக்கு வரும் இளையவர்கள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் இந்தச் செய்தியைப் புரட்டும்போதும் துணி விரிக்கும்போதும் தலையைப் பிடிக்கும் மற்றவர்கள் யாரும் கற்றிருப்பதில்லை என்பதே என் கவலை.

டியூப் செலுத்திய பிறகு கழுத்தின் கோணம் வேறொரு விதத்தில் முக்கியமாகிறது. நிறைமாதப் பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழல், குரல்நாண்களிலிருந்து இரண்டாகப் பிரியும் இடம் வரை, 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளந்தான். டியூப்பின் முனை சரியாக நடுவில் நின்றால்கூட மேலும் கீழும் நமக்கு இருக்கும் இடம் இரண்டு சென்டிமீட்டர். முகவாய் மார்பை நோக்கிச் சாய்ந்தால் முனை கீழே இறங்குகிறது. தலை பின்னால் மலர்ந்தால் முனை மேலேறுகிறது. இந்த நகர்வு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கும் போகலாம். கீழே இறங்கிய முனை பெரும்பாலும் வலது கிளைக்குள் நுழையும், இடது நுரையீரலுக்குக் காற்றுப் போகாது. மேலேறிய முனை குரல்நாண்களை விட்டு வெளியேறிவிடும். உதட்டருகில் ஒட்டிய பிளாஸ்திரி இம்மியும் நகர்ந்திருக்காது, டியூப் எத்தனை சென்டிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்று அதில் எழுதிய 9 என்ற எண்ணும் அப்படியே இருக்கும். உதட்டில் எண் மாறவில்லை என்பதால் உள்ளே முனை மாறவில்லை என்று முடிவுகட்டும் பழக்கம் கைக்குழந்தையில் செல்லாது.

குப்புறக் கிடத்துவதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதுகுத்தண்டில் பிறவிப் பிளவுள்ள 3 கிலோ எடையுள்ள குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தலையையும் டியூப்பையும் ஒரே கையில் பற்றியிருக்கிறார், இன்னொருவர் உடலைத் தாங்கியிருக்கிறார், மூன்றாமவர் ஊசிக் குழாய்களையும் மின் இணைப்புக் கம்பிகளையும் ஒதுக்குகிறார். டியூப்பின் உள்விட்டம் மூன்றோ மூன்றரையோ மில்லிமீட்டர். இணைப்பைக் கழற்றுகிறார்கள், புரட்டுகிறார்கள், பொருத்துகிறார்கள். வெளிமூச்சை அளக்கும் கேப்னோகிராஃப் திரையில் கரியமில வாயுவின் அலை மறுபடி எழும்பியதும் அறையில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. துணி விரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த அலை எழும்பியது டியூப் மூச்சுக்குழலுக்குள் எங்கோ இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரே நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அலை ஏறத்தாழ அதே உருவில் வரும். மார்புக்கு அடியில் வைத்த சுருள் நழுவி வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தாலும் வரும். ஒரு பக்கமாகத் திருப்பிய முகத்திலிருந்து வழியும் உமிழ்நீர் பிளாஸ்திரியை நனைத்துக் கழலச் செய்வதை அது சொல்லவே சொல்லாது. இரண்டு பக்கமும் மூச்சொலியைக் கேட்டு, வயிற்றுக்கு அடியில் விரல்களை நுழைத்து அது தடையின்றி அசைகிறதா என்று தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றின் அளவைப் புரட்டுவதற்கு முன் இருந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே துணி விரிக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும். நான் கேட்கும் நிறுத்தம் அந்த ஒரு நிமிடந்தான்.

குப்புறக் கிடத்துவதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் தகுந்த தடிமனுள்ள சுருள்களை வைத்து வயிற்றைத் தொங்கவிட்டால், உதரவிதானத்தின் மேல் குடலின் பாரம் குறைகிறது. மல்லாந்த நிலையைவிட நுரையீரல் நன்றாக விரிவதும் உண்டு. அதே குழந்தையைத் தட்டையான மெத்தையில் வயிறு அழுந்தக் குப்புறக் கிடத்தினால் அந்த நன்மை கிடைக்காது, மூச்சழுத்தமும் ஏறும், வயிற்றுப் பெருஞ்சிரை அழுந்துவதால் அறுவைக் களத்தில் குருதிக் கசிவும் கூடும். இரண்டுமே குறிப்பேட்டில் ‘குப்புற’ என்ற ஒரே சொல்லாகத்தான் பதிவாகின்றன. இன்னொரு குழப்பத்தையும் இங்கே தெளிவுபடுத்திவிடலாம். குழந்தைகளைக் குப்புறப் போடாமல் மல்லாக்கவோ ஒருக்களித்தோ தூங்கவைக்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் பரிந்துரைத்ததும், வேறு பல நாடுகளும் இத்தகைய பரிந்துரையை வெளியிட்டதும், கண்காணிப்பின்றி வீட்டில் தூங்கும் குழந்தையின் திடீர் மரணத்தைத் தடுப்பதற்காக. அறுவை அரங்கில் டியூப்பும் கண்காணிப்புக் கருவிகளும் உள்ள குழந்தைக்கு அந்த விதி பொருந்தாது. அதைக் காட்டிக் குப்புற நிலையை அஞ்சவும் வேண்டாம், அஞ்ச வேண்டாம் என்பதால் அலட்சியமாகவும் விட வேண்டாம்.

ஒருக்களித்த நிலையில் பெரியவர்களைப் பற்றிய பாடம் கைக்குழந்தையிடம் தலைகீழாகிறது. ஒரு நுரையீரல் பழுதுற்ற பெரியவரை நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி ஒருக்களித்துக் கிடத்தினால் ஆக்சிஜன் ஏறும் என்பது எல்லோரும் மனப்பாடம் செய்தது. 1983இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, கைக்குழந்தைகளில் நல்ல நுரையீரல் மேலே இருக்கும்போதே ஆக்சிஜன் நன்றாக இருப்பதைக் காட்டியது. 1985இல் அதே இதழில் வந்த மற்றோர் ஆய்வு, கதிரியக்கக் கிரிப்டான் வாயுவைக் கொண்டு படமெடுத்து, கைக்குழந்தையில் காற்றோட்டம் மேற்பக்க நுரையீரலுக்கே மிகுதியாகச் செல்வதைக் காட்டியது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று: இளகிய மார்புக்கூடு கீழ்ப்பக்க நுரையீரலைத் தாங்கிப் பிடிக்காததால் அதன் காற்றுக்கிளைகள் மூடிக்கொள்கின்றன, பெரியவரில் கீழ்ப்பக்க உதரவிதானத்தை வலுவாக வேலைசெய்யத் தூண்டும் வயிற்றின் எடை இங்கே சிறிது, உடலின் அகலமே குறைவு என்பதால் புவியீர்ப்பு குருதியோட்டத்தைக் கீழ்ப்பக்கம் இழுக்கும் வேறுபாடும் சிறிது. பின்னாளில் மார்பைச் சுற்றி மின்முனைகளை ஒட்டிப் படம்பிடிக்கும் முறையில் நடந்த ஆய்வுகள், இந்தச் சித்திரம் எல்லாக் குழந்தைகளிடமும் ஒரேபோல் இல்லை, மூச்சு தானாக நடக்கிறதா கருவி தருகிறதா என்பதைப் பொறுத்தும் மாறுகிறது என்று காட்டியிருக்கின்றன. ஆகவே பெரியவர் பாடத்தைத் தலைகீழாக எழுதி அதையே புதிய விதியாக்கவும் நான் கேட்கவில்லை. எந்தப் பக்கம் நல்லது என்று பாடநூலைப் பார்த்து முடிவு கட்டாமல், அந்தக் குழந்தையைக் கிடத்திய பின் அளந்து பார்த்து முடிவு கட்டுங்கள் என்கிறேன். மார்பைத் திறந்து ஒரே நுரையீரலுக்குக் காற்றூட்டும் அறுவைகளில் இந்த அளவை தவிர்க்கவே முடியாதது.

வயிற்றில் வாயுவை நிரப்பிச் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி, தலைதாழ்த்திய சாய்வு, கால்களை உயர்த்தி மடக்கிய நிலை ஆகிய மூன்றும் ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன: வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, மூச்சுக்குழல் பிரியும் இடமும் சேர்ந்து மேலே ஏறுகிறது, நகராத டியூப்பின் முனை அதற்குள் போய்ச் சேருகிறது. வாயுவை நிரப்பத் தொடங்கிய பின் ஒருமுறையும் சாய்வை மாற்றிய பின் ஒருமுறையும் இருபக்க மூச்சொலியைக் கேட்கும் பழக்கம் இருந்தால் இதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை.

இதைவிட அடிக்கடி நடப்பதும், கிடைநிலை என்ற தலைப்பில் யாரும் சேர்க்காததும் ஒன்று உண்டு. 3 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு மூச்சில் கொடுக்கும் காற்று கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் என்ற கணக்கில் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர், நான்கு தேக்கரண்டி அளவு. வளர்ந்த ஒருவருடைய மணிக்கட்டின் பாரம் அந்த மார்பின் மேல் இளைப்பாறினால் அந்த 20 பாதியாகிவிட முடியும். உதவி மருத்துவர் துணிக்கு மேலே கையை ஊன்றி நிற்கும்போது கீழே இருப்பது மார்பா மேசையின் விளிம்பா என்பது அவருக்குத் தெரிவதில்லை. கருவித் தட்டின் ஓரமும், இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளும் அப்படியே. வென்டிலேட்டர் அழுத்த நிர்ணய முறையில் ஓடினால், கருவி தான் கொடுக்க வேண்டிய அழுத்தத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும், உள்ளே போன காற்று குறைந்திருக்கும். கொள்ளளவு நிர்ணய முறையில் ஓடினால் அழுத்தம் ஏறி மணி அடிக்கும். பல அரங்குகளில் கைக்குழந்தைக்கு முதல் முறையே வழக்கம் என்பதால், ஒவ்வொரு மூச்சின் கொள்ளளவுக்கும் கீழெல்லை எச்சரிக்கை வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் உங்கள் விதியில் சேரவேண்டியதே. அந்த எச்சரிக்கை ஒலித்ததும் மயக்க மருத்துவர் ‘கையை எடுங்கள்’ என்று சொன்னால் மூத்த அறுவை மருத்துவராயினும் கேள்வி கேட்காமல் எடுக்க வேண்டும் என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் விதியில் இல்லாத சொல்லை இளையவர் ஒருவர் மூத்தவரிடம் சொல்லுவது எளிதன்று.

சில குழந்தைகள் தங்கள் கிடைநிலையைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு அரங்குக்கு வருகிறார்கள். கீழ்த்தாடை சிறுத்து நாக்கு பின்னால் சரியும் பியர் ராபின் வகைக் குறையுள்ள குழந்தை குப்புறவோ ஒருக்களித்தோ கிடந்தால் ஓரளவு மூச்சுவிடும், மல்லாக்கப் போட்டால் திணறும். நெஞ்சின் நடுப்பகுதியில் கட்டி உள்ள குழந்தையை மல்லாக்கக் கிடத்தி மயக்கம் கொடுத்தால் கட்டியின் பாரம் மூச்சுக்குழலின் மீதும் பெரிய குருதிக் குழாய்களின் மீதும் இறங்கும். டியூப் சரியாக இருந்தும் காற்றுப் போகாத நிலை வரலாம், அப்போது குழந்தையை உடனே ஒருக்களிக்கவோ குப்புறவோ புரட்டுவதே உயிர் காக்கும் முதல் செயல். உதரவிதானத்தில் பிறவிப் பிளவுள்ள பச்சிளங்குழந்தையைப் பழுதுற்ற பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, இரைப்பையில் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்றுவது வழக்கம். இவற்றில் பெரும்பாலானவற்றை எந்தக் கருவியும் இல்லாமல் ஒரே ஒரு கேள்வியால் அறியலாம்: குழந்தை எப்படிக் கிடந்தால் நிம்மதியாகத் தூங்குகிறது என்று தாயிடம் கேட்க வேண்டும். அறுவைக்கு முந்தைய கேள்வித்தாள்களில் கடைசியாகப் பால் குடித்த நேரத்துக்கு ஒரு கட்டம் உண்டு, ஒவ்வாமைக்கு ஒரு கட்டம் உண்டு. இதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

மயக்கம் கொடுக்காத குழந்தைக்கும் கிடைநிலை இப்படி வேலை செய்யும் என்பதற்கு முதுகுத்தண்டு ஊசி நல்ல சான்று. ஒருக்களித்து, முழங்காலையும் தலையையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டிப் பிடிப்பதே குறைமாதக் குழந்தைகளின் ஆக்சிஜனை மிகுதியாகக் குறைக்கிறது என்று 1983இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கழுத்தை மடக்காமல் விட்டாலோ உட்காரவைத்துப் பிடித்தாலோ அந்த வீழ்ச்சி குறைவு. ஊசி போகும் இடுப்புப் பகுதி வளைந்தால் போதும், கழுத்து வளையத் தேவையே இல்லை. இருந்தும் பிடிப்பவருக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் பழைய பிடியே தொடர்கிறது.

அறுவை முடிந்த பின்னர் வரும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குப்புறவோ தலைதாழ்த்தியோ நெடுநேரம் கிடந்த குழந்தையின் நாக்கும் தொண்டையும் வீங்கியிருக்கலாம். 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள காற்றுப்பாதையில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் வந்தால் விட்டம் பாதியாகிறது. சீரான ஓட்டத்தில் தடை 16 மடங்காகிறது. டியூப்பை எடுக்கும் முன் வாயைத் திறந்து நாக்கைப் பார்ப்பது சிறு வேலை. எடுத்த பின் ஒருக்களித்துக் கிடத்தினால் நாக்கு பின்னால் சரியாமல் தொண்டை அகன்று நிற்கும், உமிழ்நீரும் வெளியே வழியும். அப்படி ஒருக்களித்த குழந்தையை வார்டுக்கு எடுத்துச்செல்லும் வழியில் போர்த்திச் சுற்றி, முகவாய் மார்பில் படிய மல்லாக்கத் தூக்கிச் செல்வதை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கருவில் இருந்த வாரங்களையும் பிறந்தபின் கழிந்த வாரங்களையும் கூட்டினால் 60ஐ எட்டாத, குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மயக்கத்துக்குப் பிறகு மூச்சே நின்றுபோகும் ஆபத்து இருப்பதால், அந்தக் குழந்தையின் கழுத்து எப்படி இருக்கிறது என்பதை வார்டுச் செவிலியரிடம் ஒப்படைக்கும் பொறுப்பும் அரங்கையே சேரும்.

ஏற்கெனவே பட்டியல்கள் மிகுந்துவிட்டன, இன்னொரு நிறுத்தம் சேர்ந்தால் அதுவும் வாயால் ஓதிவிட்டுக் கடக்கும் சடங்காகிவிடும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நியாயமான கவலை. அதனால்தான் பொதுப்பட்டியலில் எல்லா வயதினருக்கும் சேர்க்காமல், ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்துக் கேட்கிறேன். ஐரோப்பாவின் 33 நாடுகளில் 261 மருத்துவமனைகளில் நடந்து 2017இல் வெளிவந்த ஏப்ரிகாட் ஆய்வில், குழந்தைகளுக்கான மயக்கத்தில் கடுமையான நெருக்கடி நிகழ்வுகள் 5.2 விழுக்காடு என்றும், மூச்சு தொடர்பானவை மட்டும் மொத்த மயக்கங்களில் 3.1 விழுக்காடு என்றும் கணக்கிடப்பட்டது. வயது குறையக் குறைய ஆபத்து கூடுவதையும் அது காட்டியது. பச்சிளங்குழந்தைகளையும் மிகச் சிறு கைக்குழந்தைகளையும் மட்டும் பார்த்து 2021இல் வெளிவந்த நெக்டரின் ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மயக்கங்களில் ஏதேனுமொரு நிகழ்வுக்கு மருத்துவர் தலையிட வேண்டியிருந்தது. இவற்றில் எவ்வளவு கிடைநிலை மாற்றத்தைத் தொட்டு நேர்ந்தவை என்று நம் குறிப்பேடுகளைப் புரட்டி யாராலும் சொல்ல முடியாது. புரட்டிய நேரத்தையும் புரட்டியபின் மாறிய அளவுகளையும் எழுதுவதற்கு அவற்றில் இடமே இல்லை.

ஆகவே படிவம் அச்சிடுவோரிடம் நான் கேட்பது ஒரு சிறு கட்டம்: கிடைநிலை மாறிய நேரம், வயிறு தடையின்றி இருக்கிறதா, இருபக்க மூச்சொலி, மாறுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சின் கொள்ளளவு, அழுத்தம், ஆக்சிஜன் அளவு. கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் துணி விரிக்கக் கூடாது என்று ஓர் எல்லையையும் வைக்கலாம். இந்த எல்லை என் கணிப்பு மட்டுமே, உங்கள் வல்லுநர்கள் ஆராய்ந்து வேறு எண்ணை வைத்தால் அதுவே சரி. கொள்முதல் செய்வோரிடம் கேட்பது, மூன்று நான்கு தடிமன்களில் கைக்குழந்தைக்கென்றே செய்த மென்சுருள்கள். இன்று பல இடங்களில் கையில் கிடைக்கும் துவாலையைச் சுருட்டி வைக்கிறார்கள், அது அறுவையின் நடுவில் தளர்ந்து தட்டையாகிறது. பாடத்திட்டம் வரைவோரிடம் கேட்பது, பொம்மைக் குழந்தையைப் புரட்டும் பயிற்சியில் மயக்க மருத்துவர்களோடு அறுவை மருத்துவர்களையும் செவிலியர்களையும் அரங்க உதவியாளர்களையும் ஒரே அறையில் சேர்த்து நிறுத்த வேண்டும் என்பது. தனித்தனியாகக் கற்றவர்கள் ஒரு குழந்தையைச் சேர்ந்து புரட்டும்போது யார் குரலுக்கு யார் அசைய வேண்டும் என்பது அங்கேதான் முடிவாக வேண்டும். என் கருத்தில் தலையைப் பிடித்திருப்பவரின் குரலுக்கே.

உங்கள் அடுத்த திருத்தக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்ப்பீர்களானால், படிவத்துக்கான வரைவையும், ஓர் அரங்கில் சில மாதங்கள் சோதித்துப் பார்ப்பதற்கான திட்டத்தையும் எழுதித் தர அணியமாக இருக்கிறேன். சேர்க்க இயலாது என்று முடிவெடுத்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் மருத்துவர் ஒருவர்